சிரட்டையும் ஆய்கூடச் சாவியும்

1948ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஒரு சிறு நூலை வெளியிட்டது. இலண்டன் பாடசாலையொன்றின் ஆசிரியரான ஸ்டீவன்சன் எழுதிய அந்நூல், அழிவுற்ற நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு யோசனை கூற எழுந்தது. உலகப் போரின் குண்டுகளுக்கு ஆய்கூடங்களைப் பலிகொடுத்த தேசங்களில், தகரப்பேணியும் போத்தலும் மெழுகுதிரியும் கொண்டு பரிசோதனை நடத்துவது எவ்வாறு என்பதே அதன் பொருள். அதுவே விரிந்து, 1956இல் விஞ்ஞானம் கற்பித்தற்குரிய பெரிய மூலநூலாக உலகெங்கும் பரவியது.

திருகோணமலையிலிருந்து இந்நூலைப் படிப்பவனுக்கு ‘அழிவுற்ற நாடு’ என்பது தூரதேசமன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. பின்னர் உள்நாட்டுப் போர். அதனிடையே 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை. மூதூரிலும் குச்சவெளியிலும் பாடசாலை என்பது பலமுறை மரநிழலாகவும் கூடாரமாகவும் இருந்திருக்கிறது. ஆகவே இந்நூலை நாம் விருந்தினராக அன்று, உரிமையாளராகவே விமர்சிக்கலாம்.

அதன் பெருமை ஐயத்துக்கிடமற்றது. விஞ்ஞானம் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டதன்று, கைக்கெட்டும் பொருளில் உறைவது என்று அது நிறுவியது. எனினும் எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதிய நூல் எந்த ஊரையும் அறியாது. நமது கரையில் அமர்ந்து எழுதியிருந்தால் அதன் முதல் அத்தியாயம் புல்மோட்டை மணலாக இருந்திருக்கும்.

அக்கடற்கரையின் கருமணலை ஒரு சிரட்டையில் அள்ளி, நீர் வார்த்து, மெல்லச் சுழற்றிச் சரித்துப் பாருங்கள். வெளிர்மணல் நீரோடு வழிந்தோடும். கருமணல் அடியில் தங்கும். வெளிர்மணலின் பெரும்பகுதியான படிகக்கல், நீரைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியுடையது. கரிய இல்மனைற்று நான்கரை மடங்குக்கும் மேல். மாணவன் சிரட்டையிற் செய்ததையே அலைகள் யுகயுகமாகக் கரையிற் செய்திருக்கின்றன. எஞ்சிய மணலை உலர்த்திக் காந்தத்தைக் காட்டினால் வேறொரு பாடம் பிறக்கும். சாதாரண காந்தத்தில் சில மணிகளே ஒட்டும். பழைய கணினி வட்டிலிருந்து கழற்றிய வலிய காந்தமாயின் இல்மனைற்றும் எழும்பும், சேர்க்கன் மணிகள் அசையா. காந்தம் ஒன்றை இழுக்கும், மற்றொன்றை இழுக்காது என்று பாடநூல் கோடு கிழிக்கிறது. இழுப்பிலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மணலே சொல்லிக்கொடுத்துவிடும்.

பாடம் அங்கும் முடிவதில்லை. சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தின் மூலப்பொருள் இல்மனைற்றிலிருந்து பெறப்படுவது. மணலைத் தோண்ட 1957இலேயே அரசுக் கூட்டுத்தாபனம் எழுந்தது. ஆயினும் தாது பெரும்பாலும் தாதுவாகவே கப்பலேறிப் போயிருக்கிறது. ஏன் என்று ஒரு மாணவி கேட்பாளாயின், அது விஞ்ஞானக் கேள்வியன்று, சமூகக் கல்விக் கேள்வி எனத் தள்ளிவிடும் ஆசிரியர்களை நான் அறிவேன்.

கப்பலையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் விலாவில் ஒரு வட்டமும் சில கோடுகளும் தீட்டியிருக்கும். நன்னீருக்குரிய கோடு கடல்நீர்க் கோட்டிலும் உயரத்தில் இருப்பது ஏன்? ஒரு குழலின் அடியை மெழுகால் அடைத்து, சிறிது மணலிட்டுக் கிணற்று நீரிலும் கடல்நீரிலும் மிதக்கவிட்டால் விடை கிடைக்கும். ஆக்கிமிடிசின் தத்துவத்தை இவ்வாறு கற்பிப்பவர், அக்கோட்டை வரைவித்தது யார் என்பதையும் சொல்லவேண்டும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மாலுமிகள் மூழ்கினும் காப்புறுதிப் பணம் பெற்ற முதலாளிகளை எதிர்த்துப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் போராடியவர் சாமுவேல் பிளிம்சோல். 1876இல் அக்குறி சட்டமாயிற்று. சீனக்குடாவில் கோதுமை இறக்கும் கப்பல் நாழிகைக்கு நாழிகை உயர்வதைக் காணும் தொழிலாளியின் பிள்ளைக்கு இக்கதை சொந்தக் கதை.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அப்படியே. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோன்றியவை என்னும் ஐதீகத்தை ஏளனம் செய்யவேண்டியதில்லை; சில அடிகளுக்கிடையே சூடு வேறுபடுவதேன் என்று கேட்டாற் போதும். ஒவ்வொன்றிலும் நீர் மொண்டு அளந்து எழுதிய பிள்ளைகளுக்கு, ஆழத்திற் சூடேறி மேலெழும் நீர் குளிர்ந்த நிலத்தடி நீரோடு வெவ்வேறளவிற் கலக்கக்கூடும் என்ற விளக்கம் வெறுஞ்சொல்லாகாது.

இனி நூலின் குறைக்கு வருவோம். பரிசோதனை செய்தவனைப் பரீட்சை எவ்வாறு அளக்கும் என்று அது கேட்கவில்லை. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972இல் 16 பாடசாலைகளில் தொடங்கிய இயக்கம் அதைக் கேட்டது. வரைவிலக்கணங்களை மனனஞ் செய்வதை ஒழித்து, மாணவர் கையில் கருவிப் பெட்டியைக் கொடுத்து, புத்தகத்தைத் திறந்துவைத்து விடையெழுதும் பரீட்சையையும் செய்முறைப் பரீட்சையையும் கொணர்ந்தது. ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகினர். முப்பது ஆண்டுகளின் பின், 2002இல், மாநில அரசு அதை மூடிவிட்டது. நல்ல முறை தானாகவே வெல்லும் என்று நம்புவோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

மற்றக் குறை இதனினும் பெரிது. சிரட்டை, தகரப்பேணி என்று நாம் பாடும் புகழை அதிகாரி ஒருவர் கேட்டு மகிழ்ந்து, “அப்படியாயின் உங்களுக்கு ஆய்கூடம் எதற்கு?” என்று கேட்கக்கூடும். இலங்கையின் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசினர் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒரு பங்களவே. அவற்றின் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டி, வெருகலின் பிள்ளைக்குச் சிரட்டை என்று பங்கிடுவது கற்பித்தல் முறையாகாது. சிரட்டை எல்லார் கையிலும் இருக்கட்டும், நுணுக்குக்காட்டியும் இருக்கட்டும்.

இம்மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஆய்கூட அலுமாரியை நான் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னே முகவைகளும் வெப்பமானிகளும் வரிசையாக, தூசி படிந்து இருந்தன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில்சொல்ல வேண்டியவர் ஆசிரியர், ஆகவே பூட்டு. சாவி அதிபரின் மேசையில். அன்று அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தார். பிள்ளைகள் கரும்பலகையில் வரைந்திருந்த வெப்பமானியின் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தனர்.