அட்டை கேட்காத கேள்வி

செயல்வழிக் கற்றல் என்பதைவிட ஏபிஎல் என்றால்தான் தமிழகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சட்டென்று விளங்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறைதான் முன்மாதிரி. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்து ஓர் ஏணியில் வரிசையானது. நான்காம் வகுப்பு வரையிலான குழந்தைகள் கலந்து உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் படியேறினார்கள்.

அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நாற்காலியில் இருந்த ஆசிரியர் பாயில் வந்து உட்கார்ந்தார். கரும்பலகை, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்ப் பல வாரம் கழித்து வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. வகுப்பு தன்னைத் தாண்டிப் போய்விட்டதே என்று கூச வேண்டியிருக்கவில்லை. பிரம்பு பிடித்த வகுப்பறையிலிருந்து இது பெரிய தூரம்.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. ஆசிரியரின் திறமையையும் அட்டைக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பினோம்.

ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 35 என்று எழுதும். அது கவனக்குறைவு அல்ல. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழிக்கிறது குழந்தை. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று தனக்கென ஒரு விதியே வைத்திருக்கிறது. இன்னும் பத்து அட்டை கொடுத்தாலும் அதே விதியில் பத்தையும் போட்டு முடிக்கும். “இதை எப்படிடா போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேட்கும் டீச்சருக்குத்தான் அந்த விதி தெரியவரும். கேட்டபின் பதில் வரும்வரை காத்திருப்பது அதைவிடக் கடினம். இரண்டு நொடி மௌனத்தைத் தாங்காமல் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். காத்திருந்து கேட்டவர் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்தை ஒன்றுகளாக்கிக் காட்டுவார். கணக்கு தெரிந்திருப்பது ஒரு திறன். குழந்தை அதை எங்கே தப்பாகப் புரிந்துகொள்ளும் என்று தெரிந்திருப்பது வேறு திறன். நல்லாசிரியரை அடையாளம் காட்டுவது இரண்டாவதுதான்.

இன்னோர் இழப்பும் உண்டு. ஆளுக்கோர் அட்டையோடு உட்கார்ந்த வகுப்பில், எல்லோரும் சேர்ந்து ஒரு கதை கேட்டு, அதைப் பற்றி வாதாடும் நேரம் சுருங்கியது. மொழி பேச்சில்தான் வளரும்.

இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த இருவரின் நேரத்தையும் பதிவேடுகள் தின்னும்போது அது இன்னும் கூர்மையாகிறது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. கூடவே மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும் வேலையும் வந்தது. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் செயலி சொல்லும். ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது.

பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டைக் கேட்பதற்கு முன், தப்பாகப் போட்ட ஒரு கணக்கை எடுத்து, அந்தக் குழந்தை ஏன் அப்படிப் போட்டது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள்.