கடுவன் பூனைக்கு நலமடித்தல்: வட்டுக்கோட்டை வழக்கமும் சென்னை வழக்கமும்

ஆண் பூனையாகிய கடுவன், பிறந்து ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் பருவமடைகின்றது. அதன்பின் வாலை நிமிர்த்திச் சுவரிலும் கதவு நிலையிலும் சிறுநீரைப் பீச்சுதல், இரவில் நெடுங்குரலெடுத்துக் கத்துதல், பிற கடுவன்களோடு கடிபட்டுச் சீழ்க்கட்டியுடன் திரும்புதல், பெட்டை கிடையாதபோது போர்வையையோ வீட்டிலுள்ள மற்றொரு பூனையையோ கௌவிப் பிடித்து ஏறுதல் ஆகிய செயல்கள் அதனிடம் தோன்றுகின்றன. இவை வளர்ப்பவரிடம் அது காட்டும் வீம்பல்ல. விதையில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பின் விளைவுகளேயாம். சிறுநீரின் கடுநெடிக்கும் அச்சுரப்பே மூலம். ஃபெலினைன் எனப்படும் கந்தகம் சார்ந்த அமினோ அமிலம் கடுவனின் சிறுநீரில் மிகுந்து சேர்ந்து, பின் சிதைந்து நாறுகின்றது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகளின் இணைவு ஓய்ந்திருக்கும். யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுவது. சென்னையில் அது ஒன்றரை மணி நேரத்தளவு. ஆதலால் இவ்விரு நிலங்களிலும் கடுவனின் தொல்லைக்கு ஓய்வுப் பருவம் என ஒன்று இல்லை.

தொல்லைக்கு மாற்றும் இரு நாட்டிலும் ஒன்றே. விதைகளை நீக்கும் சிறு அறுவைச் சிகிச்சை இலங்கைத் தமிழில் நலமடித்தல் என்றும் தமிழ்நாட்டில் காயடித்தல் என்றும் வழங்கும். ஏட்டு வழக்கில் அது கருத்தடைச் சிகிச்சை எனப்படும். மயக்க மருந்து கொடுத்து, விதைப்பையில் சிறு கீறலிட்டு, விதையை வெளியே எடுத்து, அதன் நாளத்தை அதனைக்கொண்டே முடிச்சிட்டு அறுத்துவிடுவர். தையல் பெரும்பாலும் வேண்டியதில்லை, வேலையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே ஒப்பீடு சிகிச்சையின் முறையைப் பற்றியதாகாமல், அதனை யார், எப்போது, எதற்காகச் செய்விக்கின்றனர் என்பதைப் பற்றியதாகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மேற்கில், சங்கானைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் வட்டுக்கோட்டை, பனங்கூடல்களும் வயலும் பரந்த வளவுகளும் உள்ள ஊர். இங்கு பூனை எலிக்காக வளர்க்கப்படுவது. சோறும் மீன்தலையும் ஒரு வீட்டில் தின்று, உறக்கம் இன்னொரு வீட்டுக் கொட்டிலில் கொள்வது. கதியால் வேலியாயினும் மதிலாயினும் அதற்குத் தடையன்று. ஆகவே கடுவன் பீச்சும் இடம் பெரும்பாலும் வெளியே அமைகின்றது. நெடி வீட்டுக்குள் தங்குவதில்லை. தொல்லை உணரப்படுவதெல்லாம் இரவுச் சண்டையின் கூச்சலாகவும், அயல்வீட்டுக் கோழிக்குஞ்சு குறைவதாகவுமே. அப்போதும் ‘யாருடைய பூனை’ என்ற கேள்விக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதால், சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ கொண்டுபோய் விட்டுவிடுவதே நெடுங்கால வழக்கமாயிற்று. இது தீர்வன்று, தொல்லையை இடம் மாற்றுவது மட்டுமே என்பதை ஊரார் அறியாதவரல்லர். சந்தையடியில் வாழ்வோர் நன்கறிவர்.

நலமடிக்க ஊரார் காட்டும் தயக்கத்தைக் கத்திக்கு அஞ்சும் மனமென்று கொள்ள இடமில்லை. 1847இல் இப்பகுதிக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டு மேலைமருத்துவத்தையும் அறுவை முறைகளையும் தமிழிலேயே கற்பித்தார். அறுவை சிகிச்சை இங்கு ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம். உயிருக்கு இயல்பானதைத் தடுத்தல் பாவம் என்னும் சமயக் காரணமும் ஆராய்ந்தால் நிலைப்பதில்லை. உழவுக்கும் வண்டிக்கும் வைத்த காளைக்கு நலமடிப்பது குடாநாட்டின் பழைய வழக்கம். விதையை இரு கோல்களுக்கிடையே நசுக்கிய முறை போய், தோலை வெட்டாமல் நாளத்தை மட்டும் நசுக்கும் பர்டிசோ என்னும் இத்தாலியக் கிடுக்கி பின்னர் வந்தது. மயக்க மருந்தின்றி மாட்டுக்குச் செய்தபோது எழாத பாவ உணர்ச்சி, மயக்கத்தில் கிடக்கும் பூனையிடம் மட்டும் எழுவதற்குக் காரணம், பூனை உழைத்துத் தருவது எதுவுமில்லை என்பதாகவே தோன்றுகின்றது. செலவிடுவதற்குப் பயன் தெரியாதவிடத்து அறம் நினைவுக்கு வருகின்றது.

நலமடித்தல் இங்கு பரவாமையில் உள்நாட்டுப் போரும் பங்கு கொண்டது. 1990களில் வடக்கே மருந்துப் பொருள்கள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது வளர்ப்பு விலங்குகள் வளவுகளிலேயே விடப்பட்டன. வைத்திய வசதியும் குறைவு. மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் இன்றும் நாட்டில் ஒன்றே. அது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பேராதனையில் உள்ளது. அரச கால்நடை வைத்தியர்களின் நாளும் பெரும்பாலும் பசு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கே செலவாகின்றது.

சென்னையின் நிலை வேறு. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்குகின்றது; தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளும் மிகுதி. அங்கு பூனை, அதிலும் பெர்சிய இனத்தது, அடுக்குமாடியின் இரண்டு மூன்று அறைகளுக்குள் அடைபட்டு வாழ்வது. பீச்சிய சிறுநீர் மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஊறுவதால், வட்டுக்கோட்டையில் ஆண்டுக்கணக்கில் பொறுக்கப்படுவது சென்னையில் ஒரு வாரத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்கின்றது. எனினும் அங்கும் ஒரு தடை உண்டு. விலை கொடுத்து வாங்கிய கடுவனைப் பணத்துக்குக் ‘கிராஸ்’ விடும், அதாவது பிறர் பெட்டையோடு இணைசேர்க்கும் ஆசையால், சிகிச்சையைத் தள்ளிப்போட்டு நெடியைச் சகிப்போர் பலர்.

சட்டத்தில் இரு நாடுகளும் ஒருவகையில் ஒத்திருக்கின்றன. இரு நாட்டுச் சட்டங்களும் நாயை நோக்கியே எழுந்தன. இலங்கையின் 1893ஆம் ஆண்டு விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டு நாய்ப் பதிவுச் சட்டமும் இதற்குச் சான்று. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் தெருநாய்க் கருத்தடையை வலியுறுத்திவந்தது; 1996இல் மாநகராட்சி அதனை ஏற்றது. இந்திய நடுவண் அரசின் 2001ஆம் ஆண்டு விதிகள் தலைப்பிலேயே நாயைக் குறித்தன. 2023இன் விதிகள் தலைப்பை விரித்தபோதும் அவற்றின் கவனம் நாய்மீதே. பூனைக்கெனப் பொதுத் திட்டத்தை மும்பை மாநகராட்சி 2019இல்தான் தொடங்கியது. கொடுமைத் தடுப்பைப் பொறுத்தவரை இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரையும், இலங்கையின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் 100 ரூபா வரையும் தண்டம் விதித்தன. சாக்கில் கட்டிவிடுவோரை இத்தொகைகள் அச்சுறுத்தா.

சிகிச்சையின் பயன் உறுதியானது, ஆயினும் உடனடியானதன்று. வளர்ந்த கடுவன்களில் அலைதல், சண்டை, பீச்சுதல் ஆகியவை பத்தில் ஒன்பதளவில் தணிந்தன என்று 1973இல் ஹார்ட், பாரெட் ஆகிய ஆய்வாளர் கண்டனர். முன்பே இணைந்து பழகிய கடுவன் நலமடித்த பின்னும் சில காலம் ஏறும் பழக்கத்தைத் தொடரக்கூடும் என்பது 1958இல் ரோசன்பிளாட், ஆரன்சன் ஆகியோரின் ஆய்வு முடிவு. எனவே பருவமடையும் முன்பே செய்விப்பது மேல். நாளங்களில் விந்து எஞ்சியிருக்கும் என்பதால் சில வாரம் பெட்டையிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். பின்னர் உடலின் ஆற்றல் தேவை குறைந்து கொழுப்பு ஏறும் என்பதால் உணவையும் குறைக்க வேண்டும். கத்துவதற்காக அடிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அச்சத்தை வளர்ப்பனவேயன்றி வேறு பயன் தருவதில்லை. அச்சமோ பீச்சுதலை மிகுவிக்கும்.

இச்சிகிச்சையால் ஊர்ப் பூனைகளின் தொகை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு கடுவன் விலகிய இடத்தை அடுத்த வளவின் கடுவன் நிரப்பிவிடுகின்றது. ஏறத்தாழ ஒன்பது வாரக் கருக்காலம் உடைய பெட்டையோ ஆண்டுக்கு இருமுறைக்கு மேலும் ஈன வல்லது. அடைத்து வளர்க்கும் சென்னை வீட்டார் நாடுவது தம் அறையின் தூய்மை ஒன்றையே. அதற்குக் கடுவனுக்குச் செய்யும் சிகிச்சை போதும். வேலி தாண்டும் பூனைகளை உடைய வட்டுக்கோட்டையிலோ, பிரதேச சபையோ கால்நடைத் திணைக்களமோ முகாம் ஒன்றை ஒழுங்கு செய்யுமாயின், அங்கு முதலில் கொண்டுவரப்பட வேண்டியவை பெட்டைகளே.