ஆழ்வார் ஊரின் தாலாட்டும் அண்ணலார் பிள்ளைத்தமிழும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலால் பெயர் பெற்றது. அதற்குச் சற்றுத் தொலைவிலேயே பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த வைணவத் திருப்பதி. இவ்வட்டாரத்தில் இலக்கியம் பேசப்புகும் முஸ்லிம்களாகிய நம்மை நோக்கி இரு திசைகளிலிருந்து ஒரே வினா வருகிறது. கோயிலில் பிறந்த இலக்கிய வடிவங்கள் நபிபுகழ் பாட எதற்கு என்பர் நம்மவருள் சிலர். நீங்கள் பாடியதெல்லாம் எம்முடையதன் நகல்தானே என்பர் வெளியார் சிலர். இரு சாராரும் நூலைத் திறந்து பாராமலே பேசுகின்றனர் என்பது நம் கருத்து. இதற்கிடையில் நூல்களோ செல்லரிக்கின்றன.

பிள்ளைத்தமிழையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டினரான பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாக்கித் தம்மை யசோதையாக்கிக்கொண்டு பாடினார். தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி என அவர் வகுத்த துறைகளே பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு வித்து. பத்துப் பருவம் என்ற கட்டுக்கோப்பு அவர் காலத்ததன்று. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் அதனைக் காண்கிறோம். ஆழ்வார் கடவுளைப் பாட, கூத்தர் அரசனைப் பாடினார். ஆகவே இவ்வடிவம் ஒரு மதத்தின் தனியுடைமையாக என்றும் இருந்ததில்லை.

இம்மரபில்தான் செய்யிது அனபியா புலவர் நபிநாயகம் பிள்ளைத்தமிழை இயற்றினார். அவருக்கு முதற்பருவமாகிய காப்பிலேயே சோதனை. திருமாலை முன்வைத்துக் காப்புக் கூறுக என்பது பாட்டியல் நூல்களின் விதி. முஸ்லிம் புலவர் அல்லாஹ்வை முன்வைத்தே தொடங்க முடியும். இதனைப் பெயர் மாற்றம் என்று கொள்வார் மேலோட்டமாகப் படிப்பவர். பாட்டுடைத் தலைவன் கடவுளேயாகும்போது, அவனைக் காக்குமாறு பிற தெய்வங்களை வேண்டுவது அன்பின் விளையாட்டு. குழந்தை மனிதராக, இறைவனின் அடியாராக இருக்கும்போதோ, அவ்வேண்டுதல் மெய்யான துஆ ஆகிறது. பிறக்குமுன்பே தந்தையை இழந்து, ஆறு வயதில் அன்னை ஆமினாவையும் இழந்த யத்தீம் அல்லவா நம் பெருமானார் (ஸல்)! அக்குழந்தைக்கு இறைவனையன்றிக் காப்பு வேறேது? பழைய வடிவத்தில் உறங்கிக்கிடந்த ஒரு பொருள் இங்கே விழித்துக்கொண்டது எனலாம்.

அம்புலிப் பருவமும் அவ்வாறே. குழந்தையோடு ஆட வருமாறு நிலவைச் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களால் அழைப்பது மரபு. பிறர் பாட்டில் தண்டம் வெறும் செல்ல மிரட்டல். திங்கள் பிளந்ததைக் கூறும் ‘கமர்’ சூராவை ஓதியவர் செவியிலோ அம்மிரட்டல் வேறு கனத்தோடு விழும். உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் என ஒரு படலமே வகுத்தார்.

எல்லாம் இசைந்துவிட்டன என்று சொல்ல மாட்டோம். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கும் சிற்றிற் பருவம், ஆண்டாள் பாடிய குறும்புக் கண்ணனுக்குப் பொருந்தும். ‘அல் அமீன்’ என ஊரார் போற்றிய அண்ணலாருக்கு அது பொருந்துமாறில்லை. அங்கே எப்புலவரும் இடர்ப்படவே செய்வார். சீறாவின் நாட்டுப்படலத்தில் அரபுநாடு மருதநிலமாகி வயல் விளைவதும் இத்தகையதே. மக்காவை வேளாண்மையற்ற பள்ளத்தாக்கு என்றல்லவா திருமறை கூறுகிறது? அரபி ஓதியவர் அங்கே புன்னகைப்பர். எனினும் அது அறியாமையன்று. நாட்டு வளம் பாடாமல் காப்பியம் தொடங்கக் கூடாதென்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

கற்பித்தவர் யார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. எட்டயபுரம் அரசவைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரே உமறுவின் தமிழாசிரியர். பெருமானாரின் வரலாற்றுப் பொருளை அவர் சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற ஆலிம்களின் வழியே பெற்றார். யாப்பையும் அணியையும் சைவப் புலவரிடம் பெற்றார். பொருள் உதவியவர்கள் சீதக்காதி வள்ளலும் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும். அச்சீதக்காதி மறைந்தபோது கையறுநிலை பாடிக் கலங்கியவர் படிக்காசுப் புலவர். ஒருவர் இல்லத்து ஈகையும் மற்றவர் ஏட்டுப் புலமையும் இவ்வாறு கலந்தபோது, இரவல் எது, நகல் எது என்று எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. உமறு அடங்கியிருப்பதும் தம் ஆசிரியரின் எட்டயபுரத்திலேதான்.