நிலைப்படி திருத்தும் நேர்த்தி

கண்டிச் சீமையின் மரவேலையைக் காண வருவோர் எம்பக்கே தேவாலயத்துத் தூண்களின் முன் நின்று, அவற்றில் செதுக்கிய அன்னங்களிலும் மல்லர்களிலும் இருதலைப் பட்சியிலும் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்புவது இயல்பு. ஆயினும், 14ஆம் நூற்றாண்டில், கம்பளை இராசதானியாக விளங்கிய காலத்தில் எழுந்த அக்கோயிலின் கூரையை அண்ணாந்து நோக்குபவருக்கு, 26 கைமரங்களின் தலைகளை ஒருங்கே கோத்துப் பிடித்திருக்கும் ஒற்றைப் பெருமுளையே மிகுந்த ஆச்சரியத்தை விளைவிக்கும். கூரையின் பாரத்தைத் தாங்குவதும் அழகாய் அமைவதும் அங்கே ஒரே காரியமாய் இருக்கின்றன. உபயோகத்தையும் சௌந்தரியத்தையும் பிரித்துப் பாராத அந்தப் பரம்பரையைத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்து, 1908இல் வெளியான தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிந்துவைத்தார்.

அதே பொருத்துக் கலையின் மேன்மையை வெள்ளம் வடிந்த ஒரு சாதாரண வீட்டின் வாசலிலும் காணலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் இடிந்து பல உயிர்களைக் கொண்டுபோயின. மகாவலி கரைபுரண்டு கம்பளை, பேராதனைப் பக்கங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய துயரத்தினிடையே வாசற்படியைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், நல்ல நேரம் பார்த்து, அடியில் நவதானியமும் காசும் இட்டு, மஞ்சள் குங்குமம் சாத்தி நிறுத்திய நிலையின் படி உளுத்துப்போனால், அவ்வீட்டாருக்கு வீடே நிலைகுலைந்ததாகத் தோன்றுவது இயற்கை.

நல்ல ஓடாவியின் முதல் லட்சணம் பொறுமை. மரம் நீரைக் குடிக்கும்போது நீளவாட்டில் ஏறக்குறைய மாறாமல், குறுக்குவாட்டிலேயே பருக்கிறது. ஆகையால் வெள்ளத்துக்கு மறுவாரமே, கதவு படியில் உரசுகிறதென்று இழைப்புளியை எடுத்துச் சீவுகிறவர், மரம் உலர்ந்து சுருங்கியபின் விரலளவு இடைவெளியைத்தான் வீட்டாருக்கு விட்டுச்செல்வார். விவேகமுள்ளவரோ முதலில் பொருத்துகளில் அடைந்த வண்டலைக் கழுவுவிப்பார். அது உள்ளேயே கிடந்தால் ஈரத்தை விடாது பிடித்துவைத்திருக்கும். பின்பு காற்றோட்டத்தில், வெயிலும் நெருப்பும் படாமல், மெல்ல உலரவிடுவார். அவசரமாய்க் காய்ந்த மரம் வெடிக்கும். ஈரம் உலர்ந்த மரத்தின் எடையில் 100க்கு 20 பங்கிற்குக் கீழே இறங்கினால்தான் உளுக்கச்செய்யும் பூஞ்சணம் ஓயும் என்பதனால், கார்த்திகையில் நனைந்த படிக்குத் தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றே உற்ற வைத்தியன்.

அடுத்தது பரிசோதனை. படியின் நடுப்பகுதி கறுத்து அலங்கோலமாய்த் தோன்றினாலும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். கேடு ஒளிந்திருப்பது சுவருக்குள் புதைந்த இரு முனைகளில். மரம் தன் வெட்டுமுகத்தினூடாகவே மிக வேகமாய் நீரை உறிஞ்சுகிறது. கூரிய உளிமுனையால் அங்குலம் அங்குலமாகக் குத்தி, அது தடையின்றி இறங்கும் இடத்தையும் எதிர்த்து நிற்கும் இடத்தையும் கைவழியே உணர்ந்து, அழுகியதற்கும் ஆரோக்கியமானதற்கும் இடையே அவர் கோடு கிழிக்கும் காட்சி, கைதேர்ந்த வைத்தியர் நாடி பார்ப்பதை ஒக்கும். எத்தனை மரத்தை அகற்றலாம் என்பதைவிட எத்தனையைக் காப்பாற்றலாம் என்று கணக்கிடும் அந்த நிதானத்திலேயே இக்கலையின் ரசம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பின்பு ஒட்டு. பலாமரப் படிக்கு நன்கு உலர்ந்த பலாத் துண்டையே தேர்ந்து, நாரோட்டம் ஒத்துவரச் செய்து, இரண்டையும் நீண்ட சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமரும்படி இணைத்து, நீருக்கு இளகாத பசையும் மரமுளையும் இட்டு இறுக்குவார். அச்சாய்வு வெளிப்புறமாகத் தாழ்ந்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. மூட்டில் நீர் தங்காமல் வழிந்தோடவே. சுவருக்குள் செல்லும் வெட்டுமுகத்துக்கு எண்ணெய் ஊட்டி, அடியில் தார்த்தாள் விரித்து, படியின் மேற்பரப்பை வாசற்பக்கம் மயிரிழை சரித்து, முன்விளிம்பின் கீழே நீர் சொட்டி விழ ஒரு மெல்லிய வரி கீறிவிட்டால் வேலை பூர்த்தியாகும். உளுத்த பள்ளத்தில் சீமெந்தை அப்பி வர்ணம் பூசுவோர் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கிறார்கள். இவரோ நீர் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, அது வெளியேற வழி அமைத்துக் கொடுக்கிறார்.

புதுப் படியை வாங்கிப் பொருத்துவது விரைவானது. சில வேளைகளில் அவசியமும்கூட. முழுவதும் உளுத்ததைக் கட்டிக்காப்பது பக்தியாகாது. ஆயினும் பாதியேனும் உறுதியாய் நிற்கும் பழைய பலாவைக் கழற்றி எறியுமுன், மரத்தைத் தொட்டறியும் ஓர் ஓடாவியை அழைத்து அபிப்பிராயம் கேளுங்கள். மாசிக்குப் பிறகு வருகிறேன் என்று அவர் சொன்னால் சோம்பல் என்று சினவாமல், அந்தக் காத்திருப்பும் அவர் தொழிலின் ஓர் அங்கமென்று அறிந்து மதியுங்கள்.