சிறு ஸ்தாபனங்களும் மின்னஞ்சல் பரிபாலனமும்

இருபது முப்பது பேர் பணிபுரியும் ஒரு சிறு ஸ்தாபனம், அலுவலகத்தின் ஒரு மூலையில் பல்லாண்டுகளாக ஓடிவந்த மின்னஞ்சல் சர்வரை நிறுத்திவிட்டு, தன் கடிதப் போக்குவரத்தை கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ போன்ற பெருநிறுவனங்களின் கிளவுட் சேவையிடம் ஒப்படைப்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. இம்மாற்றம் பெரும்பாலும் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒப்படைத்த மாத்திரத்தில் பொறுப்பும் தீர்ந்தது என்று நிர்வாகிகள் கொள்ளும் நம்பிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை.

1982ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் வகுத்தளித்த, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையின்படி, எந்தக் கணினியும் வேறெந்தக் கணினிக்கும் சம அந்தஸ்துடன் கடிதம் அனுப்பலாம். குப்பை அஞ்சலின் பெருக்கம் அந்தச் சமத்துவத்தை அழித்துவிட்டது. அனுப்புநரை மெய்ப்பிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய அத்தாட்சிகளைச் சொந்த சர்வரில் ஒழுங்காக அமைத்தவருடைய கடிதங்கூட, அதே ஐபி முகவரித் தொகுதியில் எவரோ செய்த துர்நடத்தையின் காரணமாக, பெறுபவரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. அனுப்பியவருக்கோ அது தெரியவே வருவதில்லை. உதவி கேட்டு எழுதிய மனுவும், விலைப்புள்ளியும், அழைப்பிதழும் இவ்வாறு மௌனமாக மறைந்துபோவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒரு சிறு ஸ்தாபனத்துக்கு வேறில்லை. 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் குறைபாடுகள் வெளிப்பட்டபோது, சொந்த இடத்தில் அதனை நடத்திவந்த பல்லாயிரம் ஸ்தாபனங்கள் ஊடுருவலுக்கு ஆளாயின. அதே நிறுவனத்தின் கிளவுட் சேவையை அக்குறைபாடுகள் பாதிக்கவில்லை. இரவோடிரவாகத் திருத்தங்களை நிறுவுவதற்கு, பகுதிநேர ஊழியர் ஒருவரை மட்டுமே நம்பியிருக்கும் இடத்தில் ஆள் ஏது?

எனினும் கிளவுட் பூரணமான பாதுகாப்பன்று. 2023இல், மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி ஒன்று களவுபோனதன் விளைவாக, அமெரிக்க வெளியுறவுத் துறையின் அஞ்சல்களே அந்தக் கிளவுட் சேவையிலிருந்து அந்நியரால் வாசிக்கப்பட்டன. கட்டணத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. ஸ்தாபனங்களுக்கு இலவசமாக வழங்கிவந்த அஞ்சல் சேவையை 2012இல் புதியவர்களுக்கு நிறுத்திய கூகுள், 2022இல் பழைய வாடிக்கையாளர்களுள் வணிகத்துக்காக அதனைப் பயன்படுத்தியவர்களையும் கட்டணத் திட்டத்துக்கு மாறச் செய்தது. சொந்த சர்வரில் இன்னொரு ஊழியருக்கு இன்னொரு கணக்குத் திறப்பதற்குப் பெரும்பாலும் செலவு கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கணக்கிடப்படும் இடத்திலோ, சிக்கனம் கருதி நால்வர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நுழைகிறது. பணம் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு அந்தக் கணமே பாழாகிறது.

இடமாற்ற வேலை பிரமாதமான சிரமம் உடையதன்று: டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுட்காலத்தை முன்கூட்டியே குறைத்து, பழைய கடிதங்களை ஐமேப் வழியாகப் பிரதிசெய்து, பின்னர் அஞ்சல் எந்தச் சர்வருக்குச் செல்லவேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும். மறக்கப்படுபவை சில்லறை விஷயங்கள்தாம். பழைய சர்வர் வழியாகவே அஞ்சல் அனுப்பிவந்த ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் மறுநாள் ஊமையாகிவிடும்.

ஆனால் இவற்றினும் முக்கியமானது டொமைன் பெயரின் உரிமை. அது ஸ்தாபனத்தின் பெயரிலன்றி ஒப்பந்தக்காரரின் பெயரில் இருக்குமாயின், சேவை பிடிக்காதபோது விலகிச் செல்லும் சுதந்திரமே இல்லாமற்போகும். ஜிமெயிலில் அழித்த கடிதம் குப்பைத் தொட்டியில் முப்பது நாட்களே தங்குமாதலால், தன் வசம் தனிப்பிரதி ஒன்று வைத்துக்கொள்வதும் அவசியம். அந்தப் பிரதியிலிருந்து பழைய கடிதம் ஒன்றையாவது அவ்வப்போது மீட்டெடுத்துப் பார்க்கும் கடமையை இன்னாருக்கென்று முன்கூட்டியே எழுதிவைக்காத நிர்வாகக் குழு, மாற்றத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்றே கருதுவேன்.