பனிக்காலப் பயணமும் ஒரு பேராயரின் வினைச்சொற்களும்

1622 டிசம்பர் 25, புதன்கிழமை. லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன் கிறிஸ்துமஸ் பிரசங்கம். பிரசங்கியார் வின்செஸ்டர் பேராயர் லான்ஸ்லாட் ஆண்ட்ரூஸ். வசனம் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டு குழந்தை இயேசுவைத் தேடி வந்த கதை, மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வசனத்தை எடுத்துப் பேசியவர்தான். கேட்டவர்களுக்கும் அது நினைவிருந்திருக்கும். ஆனால் வசனத்தில் இன்னும் சாறு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இம்முறை அவர் நிலைகொள்வது இரண்டு வினைச்சொற்களில்: கண்டோம், வந்தோம். லத்தீனில் அவை விடிமுஸ், வெனிமுஸ். ஒலியில் அக்காள் தங்கைபோல நிற்கும் அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்பதைத்தான் ஆண்ட்ரூஸ் தொட்டுக் காட்டுகிறார். கண்டார்கள், உடனே கிளம்பினார்கள். யோசனை, ஆலோசனை, நாள் பார்த்தல் எதுவும் நடுவில் நுழையவில்லை.

அடுத்துதான் அவருடைய கை தெரிகிறது. 'வந்தோம்' என்ற ஒரே சொல்லைப் பிரித்து அதற்குள் இருக்கும் வழியை விரிக்கிறார். தொலைவு எவ்வளவு, நிலம் எப்படி, கள்வர் பயம் உண்டா, பருவம் எது? ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். சில இடங்களில் வாக்கியம்கூட இல்லை, வெறும் சொற்றொடர்கள்தான். குளிரில் வந்தது, ஆண்டின் மிக மோசமான வேளை, நெடும்பயணம், சேறான பாதை, சுருங்கிய பகல், தூரப் போய்விட்ட சூரியன். மூச்சு வாங்கி வாங்கி நடப்பவன் பேசினால் இப்படித்தான் பேசுவான். மேடையில் நிற்கும் பேராயர் சாஸ்திரிகளின் களைப்பை வருணிக்கவில்லை. தன் வாக்கியங்களில் அந்தக் களைப்பை ஏற்றிவிடுகிறார். டிசம்பர் குளிரில் கேட்டுக்கொண்டிருந்த அரசவைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தைத்தான் டி. எஸ். எலியட் எடுத்துக்கொண்டார். சாஸ்திரிகளின் பயணத்தைப் பற்றி 1927இல் அவர் வெளியிட்ட கவிதையின் முதல் ஐந்து வரிகள், மேற்கோள் குறிகளோடு, ஏறக்குறைய ஆண்ட்ரூஸின் சொற்களே. அதே ஆண்டில்தான் எலியட் இங்கிலாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். முந்நூறு ஆண்டு கழித்து ஒரு நவீனக் கவிஞன் பெரிதாகத் திருத்தாமல் எடுத்துக்கொள்ளும்படி உரைநடை எழுதிய பிரசங்கிமார் எத்தனை பேர்?

பயணத்தை முடித்ததும் ஆண்ட்ரூஸ் கேட்பவர்கள் பக்கம் திரும்புகிறார். நம் வழக்கம் என்ன? பார்ப்போம், மறுபடியும் பார்ப்போம், காலை மட்டும் எடுத்து வைக்க மாட்டோம். இந்தக் குளிரிலா என்போம், வசந்தம் வரட்டும் என்போம். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் குறும்போடு சொல்கிறார். அரசவைக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

அவர் 1605 முதல் 1624 வரை அரசர் முன் ஆற்றிய கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் பதினேழு நமக்குக் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் முறை ஒன்றே: வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து விரிப்பது. உரையாசிரியர்கள் பாசுரத்தைப் பதம் பதமாக எடுத்து அனுபவிப்பதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே படாது. 1614இல் அவர் எடுத்தது இம்மானுவேல் என்ற பெயர். 'இம்மானு' என்றால் நம்மோடு, 'ஏல்' என்றால் கடவுள். அந்த 'ஏல்' இல்லாமல் போனால் அங்கே என்ன வந்து உட்காரும்? ஆங்கிலத்தில் ஒரே ஒரு மூச்சொலியை முன்னால் சேர்த்து அதை 'ஹெல்' என்று நரகமாக்கிக் காட்டுகிறார். வெறும் சிலேடையாகத் தொடங்கியது, கேட்டு முடிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

இந்த ஆட்டம் எல்லாருக்கும் பிடித்ததில்லை. ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு, இவர் குரங்கு ஒரு பொருளை எடுத்துத் தூக்கிப்போட்டு விளையாடுவதுபோல வசனத்தோடு விளையாடுகிறார் என்று அரசரிடமே சொன்னதாக வாழ்க்கைக் குறிப்பாளர் ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். கவிஞரும் குருவானவருமான ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் வசனத்தைப் பொடிப்பொடியாக நொறுக்குவதை விரும்பவில்லை. உண்மைதான், லத்தீன் துணுக்குகள் சில பக்கங்களில் கல்லைப்போல் பல்லில் படுகின்றன. ஆனால் சொல்லோடு விளையாடுபவர் எங்கே போய் முடிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சாஸ்திரிகள் வசனத்தின் மேல் அவர் ஆற்றிய இரண்டு பிரசங்கங்களில் ஒன்றில், பழைய திருச்சபையில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் மூடியில் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருந்ததை நினைவூட்டுகிறார். அந்த நட்சத்திரம் இப்போது அழைப்பது இங்கேதான், சில அடி தூரத்தில் இருக்கும் திருவிருந்து மேசைக்கு. சாஸ்திரிகளின் நெடும்பயணம் கேட்பவரின் நாலைந்து எட்டாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு ஆண்ட்ரூஸில் இதைவிட நயமான இடம் தெரியாது. ஆங்கிலிக்கன் பிரசங்கம் தன்னளவில் முடிந்துவிடுவதில்லை, மேசைக்கு வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மேடையில் சொற்களை எண்ணியவர் அறைக்குள்ளும் அதையே செய்தார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் தமக்கென்று எழுதிவைத்திருந்த ஜெபங்கள் அச்சுக்காக எழுதியவை அல்ல. கிழமைக்கு ஒன்றாக வகுத்து, அந்தந்த நாளின் படைப்பை நினைத்துத் தொடங்கி, குறுவரிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். தப்பிதங்களும் அப்படியே, நன்றிகளும் அப்படியே, பிறருக்கான மன்றாட்டும் அப்படியே. இறப்பதற்குச் சற்று முன் அந்தப் பிரதியை நண்பரும் சக பேராயருமான வில்லியம் லாடிடம் கொடுத்தார். ஆண்ட்ரூஸின் கையில் தேய்ந்து கண்ணீரில் கறைபட்ட பிரதியைப் பற்றி, 1648இல் அதை மொழிபெயர்த்த ரிச்சர்ட் டிரேக் சொல்லியிருக்கிறார். 1840இல் ஜான் ஹென்றி நியூமன் கிரேக்கப் பகுதியை ஆங்கிலத்தில் தந்தார்.

ஆண்ட்ரூஸ் 1626 செப்டம்பரில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, ஜேம்ஸுக்குப் பின் வந்த சார்லஸ் மன்னரின் ஆணைப்படி அவருடைய தொண்ணூற்றாறு பிரசங்கங்கள் ஒரே தொகுதியாக அச்சேறின. தொண்ணூற்றாறையும் படிக்க வேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்த மாட்டேன். 1622ஆம் ஆண்டுப் பிரசங்கத்தை மட்டும் எடுங்கள். மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள்.