‘சம்ஸ்காரா’ திரைப்படமும் சந்திரியின் காதலும்

கன்னடத் திரைப்பட வரலாற்றில் ‘சம்ஸ்காரா’ (1970) பெற்றுள்ள இடம் அறிஞர் பலரும் அறிந்ததே. ஆயினும், அதனைப் பற்றி எழுதுவோருள் பலர் அதற்கு நேர்ந்த தடையில் தொடங்கித் தடையிலேயே முடித்துவிடுகின்றனர். முதுகலை மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இப்போக்கினைக் காண்கிறேன். தடுத்தவர் எதனைக் கண்டு அஞ்சினரோ அதுவே படைப்பின் உட்பொருள் எனக் கொள்வது திறனாய்வு ஆகாது. சாதியைச் சாடும் படம் என்னும் ஒரு தொடரில் அடங்காத காதற்பகுதி ஒன்று அதன்கண் உண்டு. அதுவே ஈண்டு ஆராயப்படுவது.

யு. ஆர். அனந்தமூர்த்தியின் புதினம் 1965-இல் வெளிவந்தது. தெலுங்குக் கவிஞரான பட்டாபிராம ரெட்டி அதனைப் படமாக இயக்கினார். கிரீஷ் கர்னாட் திரைக்கதை எழுதியதோடு பிராணேசாசாரியராகவும் நடித்தார். சந்திரியாகச் சினேகலதா ரெட்டியும் நாரணப்பாவாக பி. லங்கேசும் தோன்றினர். சாதிப் பூசலைக் கிளறும் என அஞ்சிச் சென்னைத் தணிக்கைக் குழுவினர் படத்தைத் தடுத்தனர். பின்னர் நடுவணரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் அத்தடையை நீக்கிற்று. தடையுண்ட படமே 1970-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்குரிய தேசிய விருதினையும் பெற்றது. கன்னடத்திற்கு அவ்விருது கிட்டியது அதுவே முதன்முறை.

அச்சில் பொறுக்கப்பட்ட கதை திரையில் ஏன் பொறுக்கப்படவில்லை? அதே 1970-இல், கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், திரைப்படம் பிற கலைகளினும் மிகுதியாக உணர்ச்சியைத் தூண்டவல்லது என்று கூறி உச்சநீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றது. சட்டத்திற்கு இவ்விடை போதும். இலக்கியம் பயில்வோர்க்குப் போதாது.

துர்வாசபுரம் என்னும் மாத்துவ அக்கிரகாரத்தில் நாரணப்பா நோயுற்று இறக்கிறான். ஊனும் மதுவும் விலக்காதவன். கணிகை குலத்துச் சந்திரியோடு வாழ்ந்தவன். அவனுக்கு ஈமக்கடன் செய்யத்தக்கவர் யாவர்? ஏடுகளில் விடை காணாத ஆசாரியர், கானகத்து மாருதி கோயிலில் வேண்டியும் பெறாமல் இரவில் மீள்கிறார். வழியில் சந்திரியும் அவரும் கூடுகின்றனர். இதனை நம் இலக்கணத்தின்வழி எவ்வாறு வகுப்பது? ஒருதலை வேட்கை அன்மையின் கைக்கிளை ஆகாது. பெருந்திணையோ எனின், அப்பொருந்தாமை ஊரார் கண்ணில் உள்ளதன்றிச் சந்திரியின் நெஞ்சில் இல்லை. அவளுக்கு அது குற்றமன்று, பேறு.

புதினத்தில் அவளை நாம் பெரிதும் ஆசாரியரின் உள்ளத்தினூடே காண்கிறோம். அவரோ காவியம் ஓதுவிப்பவர். காவிய மகளிரை எண்ணியே அவளையும் எண்ணுகிறார். திரையில் அவ்விடையீடு மெலிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியரான டாம் கோவனின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் சினேகலதா ரெட்டியின் முகம் நம்முன் நேரே நிற்கிறது. சொல் குறைவு, மெய்ப்பாடு மிகுதி. காண்போன் அவளைத் தன் கண்ணால் அளந்தறிய வேண்டியவனாகிறான். திரைக்கே உரிய ஆற்றல் இதுவெனக் கருதுகிறேன்.

அவள் செயல்களை நோக்குக. ஈமக்கடனுக்கென நகைகளைக் கழற்றி வைக்கிறாள். அந்தணர் சிலர் அதில் பொன்னையே கண்டு மனம் மாறுகின்றனர். இறுதியில் இசுலாமியர் ஒருவரின் துணையோடு இரவில் உடலை எரியூட்டச் செய்து ஊரை நீங்குகிறாள். சம்ஸ்காரம் என்னும் சொல் ஈமச்சடங்கையும் பண்படுதலையும் ஒருங்கே குறிக்கும். சாத்திரம் வல்லார் வாதிட்டுக் கொண்டிருக்கச் சடங்கை முடித்தவள் சாத்திரம் கல்லாத அவளே. மாதவியைக் கற்ற நமக்குக் கணிகையின் ஒருமை நெஞ்சம் புதிதன்று. ஆயின் மாதவிக்குத் துறவு வாய்த்தது, சந்திரிக்கோ கடமையும் வழிப்பயணமுமே வாய்த்தன. நாரணப்பாவின் ஏச்சைக் காட்டிலும் அவளது அமைதி அக்கிரகாரத்தை ஆழமாக வினவுகிறது. தடையைப் பற்றி மட்டுமே பேசுவோர் இவ்வினாவைக் கேளாது விடுகின்றனர்.

படத்தில் குறையில்லை என்பதற்கில்லை. சந்திரி நீங்கியபின் ஆசாரியரின் அலைச்சலே கதையாகிறது. புட்டன் என்பானோடு அவர் நடக்கும் வழியிலும் திருவிழாக் கூட்டத்திலும் புதினம் அவருடைய அச்சத்தையும் நாணத்தையும் நுணுகி ஆராய்கிறது. அவ்வளவு அகப்போரைக் கர்னாடின் முகம் ஒன்றே தாங்கவேண்டியிருப்பதால் பிற்பகுதி தளர்கிறது. காதலின் பொருட்டு ஒருவர் உள்ளம் மாறுவதைக் காட்டத் துணிந்த இயக்குநர், அம்மாற்றத்திற்குக் காரணமானவளை மிக விரைவில் கதைக்குப் புறத்தே அனுப்பிவிட்டார்.